நொதி, நோயாளி, விண்மீன்: மூன்று துறை ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல், மருத்துவப் பாதுகாப்பு, வானியல் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதற்கு என்ன காரணம்?

இம்மூன்று துறைகளிலும் ஆராயப்படும் பொருளை ஆய்வாளர் நேரில் காண்பதில்லை. நொதியின் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது. விண்மீனின் அருகே யாரும் போக முடியாது. மருத்துவமனையில் நேரவிருந்து தடுக்கப்பட்ட தீங்கு பெரும்பாலும் பதிவேட்டில் ஏறுவதில்லை. எனவே மூன்று துறையினரும் தடயங்களை வைத்தே முடிவுக்கு வருகிறார்கள். அந்தத் தடயம் தாம் நினைக்கும் காரணத்தால்தான் உண்டானதா, அல்லது கருவியாலோ, மாசினாலோ, காலப்போக்கினாலோ, தம் எதிர்பார்ப்பினாலோ உண்டானதா என்பதைப் பிரித்தறிவதே அவர்களுடைய அன்றாட வேலை. ஓர் ஆய்வு முடிவின் மதிப்பை அதன் புதுமையைவிட இந்தப் பிரித்தறியும் வேலை எவ்வளவு கடுமையாக நடந்தது என்பதே தீர்மானிக்கிறது என்ற பார்வையில்தான் கீழ்க்காணும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

விண்மீனில் உள்ள தனிமங்களையும் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் ஒளியைக் கொண்டே அறிகிறார்கள். இரண்டும் ஒரே முறைதானா?

அடிப்படை ஒன்றே. ஒவ்வோர் அணுவும் மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உட்கவர்கிறது. 1814இல் ஃபிரான்ஹோஃபர் சூரிய நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டு அவற்றின் இடங்களை அளந்து வைத்தார். அவை தனிமங்களின் அடையாளங்கள் என்பதை 1859இல் கிர்க்காஃபும் புன்சனும் விளக்கினர். சில ஆண்டுகளுக்குள்ளேயே இதே முறை உயிருள்ள பொருளுக்கும் வந்துவிட்டது. 1862இல் ஹோப்பே-சைலர் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கும் தனித்த உட்கவர் பட்டைகள் உண்டு என்று காட்டினார். ஆக்சிஜனை நீக்கும்போது அங்கிருந்த இரண்டு பட்டைகள் மறைந்து ஒரே பட்டையாக மாறுவதை 1864இல் ஸ்டோக்ஸ் காட்டினார். ஆக, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்ற அறிவும் சூரியனில் இரும்பு இருக்கிறது என்ற அறிவும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வகைக் கருவியிலிருந்து பிறந்தவை.

ஆனால் கோட்டைக் காண்பது ஒரு வேலை, அதிலிருந்து அளவைச் சொல்வது வேறு வேலை. 1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஒட்டிக் கவனிக்கப்பட்ட மஞ்சள் கோடு அறியப்பட்ட எந்தத் தனிமத்துடனும் பொருந்தவில்லை. அது ஹீலியம் என்ற புதிய தனிமத்துடையது என்ற கருத்து, 1895இல் ராம்சே பூமியிலேயே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து அந்த வாயுவைப் பிரித்தெடுத்த பிறகுதான் ஐயமற நிலைபெற்றது. அதைவிட நுட்பமான சிக்கல் சூரியனின் கலவை பற்றியது. உலோகங்களின் கோடுகள் பளிச்சென்று தெரிந்ததால், சூரியனும் பூமியைப் போன்ற கலவை உடையதே என்று பலர் எண்ணியிருந்தனர். கோட்டின் வலிமை அணுக்களின் எண்ணிக்கையை மட்டுமல்லாமல் வெப்பநிலையையும் பொறுத்தது என்பதைக் கணக்கில் எடுத்த சிசிலியா பேய்ன், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1925இல் கண்டார். அன்றைய மூத்த வானியலாளர் ரசல் அதை ஏற்க மறுத்ததால், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்ற பொருள்படத் தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரசலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பேய்ன் சொன்னது சரி என்று எழுதினார்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இப்படித்தான் இயங்குகிறதா? அது காட்டும் எண்ணை முழுமையாக நம்பலாமா?

ஆம், அது சிறு வடிவில் உள்ள நிறமாலைக் கருவியே. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியும் சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி விரலின் ஊடே செலுத்தப்படுகின்றன. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் செவ்வொளியை அதிகம் உட்கவரும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உட்கவரும். ஆனால் விரலில் தோல், எலும்பு, சிரை இரத்தம் எல்லாம் இருக்கின்றனவே! அவற்றை விலக்கிவிடும் வழியை ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டார். நாடித்துடிப்புடன் கூடிக் குறையும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது தமனி இரத்தத்திலிருந்து வருவதாகவே இருக்கும் என்பது அவர் கண்ட சூட்சுமம்.

இருப்பினும், இரண்டு ஒளிகளின் விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றும் அட்டவணை, தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றை அளித்து, அவர்களுடைய தமனி இரத்தத்தை ஆய்வகத்தில் அளந்து ஒப்பிட்டுத் தயாரிக்கப்படுகிறது. அந்தத் தன்னார்வலர்களில் எப்படிப்பட்ட தோல்நிறம் உடையவர்கள் இருந்தார்கள் என்பது கருவிக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது தமனி இரத்தத்தில் உண்மையில் 88 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த நேர்வுகள் வெள்ளையர்களிடம் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதமாகவும் இருந்தன. கார்பன் மோனாக்சைடு நச்சிலும் இந்தக் கருவி ஏமாந்துவிடும்: அந்த வாயு ஏறிய ஹீமோகுளோபின் செவ்வொளியில் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே நடந்துகொள்வதால், மூச்சுத்திணறும் ஒருவருக்கும் எண் இயல்பாகவே தெரியும். கருவியைக் குறை சொல்லி ஒதுக்கிவிட வேண்டிய தேவை இல்லை. நோயாளியின் நிலைக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இல்லாதபோது தமனி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதே மருத்துவ நடைமுறை.

ஆய்வுக் கட்டுரைகளில் ‘கட்டுப்பாட்டு மாதிரி’ என்று வருகிறதே, அதன் பயன் என்ன?

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்ஏடிஎச் என்ற துணைப்பொருளைச் செலவிடுகிறது. என்ஏடிஎச் 340 நானோமீட்டர் புறஊதா ஒளியை உட்கவரும். செலவான வடிவம் அந்த அலைநீளத்தில் உட்கவராது. எனவே ஒரு சிறு குவார்ட்ஸ் கலத்தில் எல்லாவற்றையும் கலந்து நிறமாலைமானிக்குள் வைத்துவிட்டு, உட்கவரும் அளவு நொடிக்கு நொடி இறங்குவதைப் பார்த்தாலே நொதியின் வேகம் தெரிந்துவிடும். திரையில் கோடு அழகாகச் சரிகிறது. அளவீடு முடிந்தது என்று தோன்றும்.

அங்கேதான் கட்டுப்பாட்டு மாதிரிகள் தேவைப்படுகின்றன. பைருவேட் சேர்க்காத இன்னொரு கலத்திலும் கோடு சரிந்தால், செல்சாற்றில் உள்ள வேறு ஏதோ நொதி என்ஏடிஎச்சைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். செல்சாறே சேர்க்காத கலத்தில் சரிந்தால், என்ஏடிஎச் தானாகவே சிதைகிறது அல்லது விளக்கின் ஒளி நிலையாக இல்லை. கொதிக்கவைத்து ஆறவைத்த சாற்றிலும் வேகம் குறையவில்லை என்றால், அளக்கப்படுவது நொதியின் வேலையே அல்ல என்று ஐயப்பட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வெற்றுக் கலமும் ஒரு மாற்று விளக்கத்தை நீக்குவதற்காக வைக்கப்படுகிறது. கட்டுரையின் முறையியல் பகுதியில் இவை சொல்லப்படவில்லை என்றால், வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் முடிவை நிறுத்தி வைத்தே வாசிக்க வேண்டும்.

விண்மீனை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. அப்படியானால் வானியலில் கட்டுப்பாடு எப்படிச் சாத்தியம்?

வானத்தை மாற்ற முடியாது. ஆனால் தம் கருவியையும் தம்மையும் வானியலாளர்கள் சோதித்துக்கொள்ளலாம். இதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதலே அவ்வப்போது விசித்திரமான துடிப்புகள் பதிவாகி வந்தன. 2007இல் முதன்முதலில் அறிவிக்கப்பட்ட, நம் பால்வழி மண்டலத்துக்கு அப்பாலிருந்து வருவதாகக் கருதப்பட்ட விரைவு ரேடியோ வெடிப்புகளை அவை ஓரளவு ஒத்திருந்தன. ஆனால் வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வராமல் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதுபோல் தெரிந்தன. அலுவலக நேரத்தில், அதிலும் மதிய உணவு வேளையை ஒட்டி, அதிகம் வந்தன. 2015இல் காரணம் பிடிபட்டது: நிலையத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது தானாக நிற்கும் முன்பே யாரோ திறக்கும்போதெல்லாம் இந்தத் துடிப்பு வெளிப்பட்டது. சிரிப்பதற்குரிய கதையாகப் பலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, போலித் துடிப்புகள் இவ்வளவு துல்லியமாக இனங்காணப்பட்டதால்தான் உண்மையான வெடிப்புகள் அவற்றிலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றன என்பதே.

இரண்டாவது, பெருநிறைப் பொருள்களின் மோதல் போன்றவற்றால் வெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ குழுவின் வழக்கம். சிலருக்கு மட்டும் தெரியும்படி, கருவிக்குள் போலிக் குறிகை ஒன்று இரகசியமாகச் செலுத்தப்படும். மற்ற நூற்றுக்கணக்கானோர் அது உண்மையா போலியா என்று தெரியாமலேயே பகுப்பாய்வு செய்ய வேண்டும். 2010 செப்டம்பரில் அப்படி ஒரு வலுவான குறிகை கிடைத்தது. பல மாதங்கள் உழைத்து, வெளியிடுவதற்கான கட்டுரையையும் எழுதி முடித்த பின், 2011 மார்ச்சில் உறையைத் திறந்தபோது அது போலி என்று தெரிந்தது. அந்த ஏமாற்றம் வீண்போகவில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான குறிகை வந்தபோது, அதைச் சரிபார்க்கும் முறைகள் ஏற்கெனவே ஒருமுறை முழுதாக ஓடிப் பழகியிருந்தன. அன்று யாரும் இரகசியமாக எதையும் செலுத்தவில்லை என்பதை உறுதி செய்துகொள்வதே குழுவினரின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

மருத்துவப் பாதுகாப்பு ஆய்வு என்பது மருந்து ஆய்விலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

மருந்து ஆய்வு ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்று கேட்கிறது. பாதுகாப்பு ஆய்வு, பயன் தரும் என்று முன்பே நிறுவப்பட்ட சிகிச்சை நோயாளியைச் சென்றடையும் வழியில் எங்கே பிழைக்கிறது என்று கேட்கிறது. 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தடுக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று மதிப்பிட்ட பிறகே இத்துறை பரவலான கவனம் பெற்றது. அந்த எண்களின் கணக்கீட்டு முறை பற்றிய விவாதம் இன்றும் உண்டு. ஆனால் தனிமனிதரைக் குற்றம் சாட்டுவதைவிட அமைப்பைத் திருத்துவதே பயன் தரும் என்ற அதன் வாதம் நிலைத்துவிட்டது.

அந்த வாதம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு வின்கிரிஸ்டின் நல்ல சான்று. புற்றுநோய்க்கான இந்த மருந்தைச் சிரை வழியே மட்டுமே செலுத்த வேண்டும். தண்டுவட நீருக்குள் செலுத்திவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். சில புற்றுநோயாளிகளுக்கு அதே நாளில் வேறொரு மருந்தை முதுகெலும்பு வழியாகச் செலுத்த வேண்டியிருப்பதால், இரண்டும் ஒரே மாதிரியான ஊசிக்குழலில் ஒரே தட்டில் வந்து சேர்ந்தபோது பல நாடுகளில் மாறிப்போய் உயிர்கள் பறிபோயின. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்கள், பயிற்சி அளித்தார்கள், இருவர் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அப்படியும் பிழை நேர்ந்தது. பிறகு பரிந்துரைக்கப்பட்ட தீர்வு மிக எளியது: வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் தராமல், உப்புநீரில் கலந்து சிறு பையில் தர வேண்டும். பையைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற முடியும் என்பதால், களைத்துப்போன மருத்துவர் நள்ளிரவில் கூட அதை முதுகில் குத்த எண்ணமாட்டார்.

சரிபார்ப்புப் பட்டியல்கள் உண்மையில் உயிர்களைக் காக்கின்றனவா?

இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுபவரை நம்ப வேண்டாம். 2009இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் ஆய்வில், எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில், 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை நடைமுறைப்படுத்தியதும் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் இதைக் கட்டாயமாக்கிய பின் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் 0.71 சதவீதத்திலிருந்து 0.65 சதவீதத்துக்குத்தான் மாறியது. அது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று.

இந்த முரண்பாட்டை விளக்கப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதல் ஆய்வில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆர்வமுள்ள ஒரு குழு முன்னின்று செயல்படுத்தியது. இரண்டாவதில் மேலிருந்து ஆணை வந்தது. பட்டியலைப் பயன்படுத்துவதாக மருத்துவமனைகள் தாமாகவே அளித்த புள்ளிவிவரம் ஏறக்குறைய நூறு சதவீதம். ஆனால் தாளில் குறியிடுவதும், மயக்கவியல் நிபுணரும் செவிலியரும் அறுவை மருத்துவரும் ஒரு நிமிடம் கையை நிறுத்தி நோயாளியின் பெயரையும் அறுக்க வேண்டிய இடத்தையும் வாய்விட்டுச் சொல்வதும் ஒன்றல்ல. மேலும் முதல் ஆய்வு ‘முன்–பின்’ ஒப்பீடு மட்டுமே. காலப்போக்கில் வேறு காரணங்களால் நேர்ந்த முன்னேற்றமும் அதில் கலந்திருக்கலாம்.

இந்தக் கடைசி ஐயம் வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கைகழுவுதல், முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின் பூசுதல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற வடிகுழாயை உடனே அகற்றுதல் ஆகிய ஐந்து நடவடிக்கைகளால் வடிகுழாய் வழி இரத்தத் தொற்று வெகுவாகக் குறைந்ததாக 2006இல் அறிவிக்கப்பட்டது. அதே திட்டத்தை இங்கிலாந்தில் கட்டம் கட்டமாக அறிமுகப்படுத்தியபோது, தொற்று அங்கும் குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் குறைந்துகொண்டிருந்தது. கட்டம் கட்டமாகத் தொடங்கியதால் மட்டுமே இது கண்ணில் பட்டது. ஐந்து நடவடிக்கைகளும் நல்லவையே. ஆனால் குறைந்த தொற்று முழுவதையும் அந்தத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

வானியலில் இத்தகைய ‘பாதுகாப்புப் பிழை’ நேர்ந்ததுண்டா?

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியே அதற்குச் சான்று. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அதன் படங்கள் மங்கலாக வந்தன. 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கண்ணாடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்கு அதிகமாகத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. கண்ணாடியைத் தேய்த்தவர்கள் மிகத் துல்லியமாகத்தான் தேய்த்தார்கள்; ஆனால் அவர்களுக்கு வழிகாட்டிய சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. தவறான அளவுகோலுக்கு ஏற்ப ஒரு கண்ணாடி பிசகில்லாமல் உருவானது.

விசாரணைக் குழு கண்டறிந்ததில் வேதனையான செய்தி வேறொன்று. வேறு இரண்டு எளிய சோதனைகள் இந்தப் பிழையைத் தேய்க்கும் காலத்திலேயே காட்டியிருந்தன. அவை முதன்மைக் கருவியைவிடத் துல்லியம் குறைந்தவை என்பதால், பிழை அவற்றினுடையதாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கப்பட்டன. கால நெருக்கடியும் செலவு நெருக்கடியும் கேள்வி கேட்பதை இன்னும் கடினமாக்கின. அறுவை அரங்கில் இளைய செவிலியரின் ஐயத்தை மூத்தவர் புறந்தள்ளும் நிகழ்வுகளை ஆராய்ந்தவர்களுக்கு இது மிகவும் பழகிய காட்சி. ஹப்பிள் விசாரணை அறிக்கையை மருத்துவமனைப் பயிற்சி வகுப்புகளிலும் பாடமாக வைக்கலாம் என்பேன். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தும் ஒளியியல் பாகங்களைப் பொருத்திய பிறகே தொலைநோக்கியின் பார்வை தெளிந்தது.

ஒரு முடிவு ‘ஐந்து சிக்மா’ அளவில் உறுதி என்றால் அது நிச்சயமாகச் சரிதானே?

இல்லை. தற்செயலான ஏற்ற இறக்கம் மட்டுமே அத்தகைய குறிகையை உண்டாக்கும் வாய்ப்பு சுமார் 35 இலட்சத்தில் ஒன்று என்பதையே ‘ஐந்து சிக்மா’ சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாக ஏற்கப்படும் இருபதில் ஒன்று என்ற வரம்பைவிட இது பன்மடங்கு கடுமையானது. ஆனால் இரண்டுமே தற்செயலை மட்டும்தான் விலக்குகின்றன. 2014இல் தென்துருவத்தில் இயங்கிய பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, பேரண்டத்தின் தொடக்ககால ஈர்ப்பலைகளின் சுவடு கிடைத்ததாக இத்தகைய உறுதியுடன் அறிவித்தது. குறிகை உண்மையே, ஆனால் அதை நம் பால்வழி மண்டலத்தின் தூசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது பிளாங்க் விண்கலத் தரவுடன் சேர்த்து ஆராய்ந்தபோது 2015இல் தெளிவாயிற்று.

பெரும் பரபரப்புடன் வெளியாகும் கண்டுபிடிப்புகள் பின்னர் ஏன் ஆட்டம் காண்கின்றன?

இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம். இரண்டும் உயிர்வேதியியலும் வானியலும் சந்திக்கும் இடத்தைச் சேர்ந்தவை.

2010 டிசம்பரில், கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவில் சேர்த்துக்கொண்டு வளர்கிறது என்று நாசா ஆதரவு பெற்ற குழு ஒன்று அறிவித்தது. அது சரியென்றால் வேற்றுலக உயிர்கள் பற்றிய நம் எண்ணமே மாறியிருக்கும். ஆனால் உயிர்வேதியியலாளர்கள் உடனே இரண்டு கேள்விகளைக் கேட்டனர். வளர்ப்பு ஊடகத்தில் மாசாக இருந்த சிறிதளவு பாஸ்பேட்டே அந்த வளர்ச்சிக்குப் போதாதா? நீரில் விரைவாக உடைந்துவிடும் ஆர்சனேட் பிணைப்பு, டிஎன்ஏவின் முதுகெலும்பாக எப்படி நிலைக்கும்? 2012இல் மற்றவர்கள் அதே பாக்டீரியாவை வளர்த்து, டிஎன்ஏவை நன்கு கழுவித் தூய்மைப்படுத்தி அளந்தபோது, அதில் பிணைந்த ஆர்சனேட் காணப்படவில்லை. அந்த உயிரி ஆர்சனிக்கைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் பாஸ்பரஸ் இல்லாமல் வாழாது என்பது தெளிந்தது. 2025 ஜூலையில், மூல ஆசிரியர்களின் எதிர்ப்பையும் மீறி, அக்கட்டுரையை அந்த ஆய்விதழ் திரும்பப் பெற்றது. மோசடி ஏதும் நடந்ததாக இதழ் கூறவில்லை.

2020 செப்டம்பரில் வெள்ளிக் கோளின் மேகங்களில், பூமியில் உயிர்களோடு தொடர்புடைய பாஸ்பீன் வாயு இருப்பதாக வந்த அறிவிப்பு இன்னும் முடிவுக்கு வரவில்லை. நூறு கோடியில் 20 பங்கு என்று முதலில் சொல்லப்பட்டது. ஆல்மா தொலைநோக்கியின் அளவுத்திருத்தத்தில் குறை இருந்தது கண்டறியப்பட்டுத் தரவு மீண்டும் பண்படுத்தப்பட்டபோது, அதே குழு தன் மதிப்பீட்டைப் பெருமளவு குறைத்துக்கொண்டது. பின்புல அலைவுகளை நீக்கப் பயன்படுத்திய கணிதச் சமன்பாட்டில் பன்னிரண்டாம் படி வரை சென்றதால், அதுவே போலிக் கோட்டை உண்டாக்கியிருக்கலாம் என்றும், கந்தக டைஆக்சைடின் கோடும் அதே இடத்தை ஒட்டி வருகிறது என்றும் பிறர் சுட்டிக்காட்டினர். தரவு பொதுவெளியில் இருந்ததால்தான் இத்தனை பேர் இவ்வளவு விரைவாக ஆராய முடிந்தது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றாலே மோசடி என்று கொள்ளலாமா?

கூடாது. மோசடியால் திரும்பப் பெறப்படுபவை பல உண்டு. நேர்மையான பிழையால் திரும்பப் பெறப்படுபவையும் உண்டு. செல்சவ்வில் உள்ள ஒரு கடத்திப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பை 2001இல் வெளியிட்ட ஆய்வகம் ஒன்று, தன் சொந்தக் கணினி நிரலில் இரண்டு தரவு நெடுவரிசைகள் இடம் மாறியிருந்ததை, இன்னொரு குழு 2006இல் வெளியிட்ட தொடர்புடைய புரதத்தின் அமைப்பு முற்றிலும் வேறாக இருந்ததைப் பார்த்த பின்பே அறிந்தது. அதனால் அமைப்பு கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறியிருந்தது. அந்த நிரலை நம்பிய ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெறுபவரையும், புள்ளிகளை இட்டுக்கட்டியவரையும் ஒரே பட்டியலில் வைத்தால், அடுத்து பிழை காண்பவர் வாய்திறக்க அஞ்சுவார். மருத்துவமனைகளில் தண்டனை அச்சமற்ற பிழை அறிவிப்பு முறை வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதும் இதே காரணத்தால்தான்.

புரத அமைப்பைக் கணினியே சொல்லிவிடுகிறது என்கிறார்கள். இனி ஆய்வகச் சோதனை தேவையா?

தேவை, ஆனால் அதன் இடம் மாறியிருக்கிறது. புரதச் சங்கிலியின் இரண்டு திருப்பக் கோணங்கள் எந்தெந்த அளவுகளில் அமையலாம், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கணித்து 1963இல் வெளியிட்ட வரைபடம், இன்றும் ஒவ்வொரு புதிய அமைப்பையும் சரிபார்க்கப் பயன்படுகிறது. தடைசெய்யப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால், அமைப்பில் ஏதோ கோளாறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஆல்ஃபாஃபோல்ட் போன்ற கணிப்பு முறைகள் நம்பிக்கை பெற்றதற்கு அவற்றின் வேகத்தைவிட அவை சோதிக்கப்பட்ட விதமே காரணம். 1994 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் காஸ்ப் போட்டியில், ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு இன்னும் வெளியிடப்படாத அமைப்புகளைப் போட்டியாளர்கள் விடை தெரியாமல் கணிக்க வேண்டும். 2020இல் அங்கே பெற்ற வெற்றியே 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் பங்கு கிடைக்க வழி வகுத்தது. கணிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று நம்பக மதிப்பெண்ணும் தரப்படுகிறது. அது ஐம்பதுக்குக் கீழே இருக்கும் பகுதியை உறுதியான வடிவமாகக் கொண்டு மருந்து வடிவமைக்கக் கூடாது.

மருந்தின் தூய்மையை ஆய்வகச் சோதனைகள் உறுதி செய்துவிடும் அல்லவா?

எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் உறுதி செய்யும். 2008 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹெப்பாரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைப் பெற்ற சிலருக்கு, குறிப்பாக இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு, திடீரென இரத்த அழுத்தம் விழுந்து மூச்சு முட்டியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. மருந்து அன்றைய தரச்சோதனைகள் அனைத்திலும் தேறியிருந்தது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் ஆராய்ந்தபோதுதான், ஹெப்பாரினை ஒத்த வேதிக்குணம் கொண்ட, மிகையாகச் சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்டின் அதில் கலந்திருப்பது தெரிந்தது. அதன்பின் மருந்துத் தரநூல்களில் சோதனை முறைகள் மாற்றி எழுதப்பட்டன.

மூன்று துறைகளின் கவனமும் ஒன்றாகத் தேவைப்படும் ஆய்வு ஏதேனும் உண்டா?

பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்கு வந்த 121.6 கிராம் மண்ணை ஆராயும் பணியைச் சொல்லலாம். அதில் உயிரின் மூலப்பொருள்கள் உள்ளனவா என்று தேடும்போது, விரல்ரேகை ஒன்றே முடிவைக் கெடுத்துவிடும். எனவே விண்கலம் கட்டப்பட்ட நாள் முதல் அதன் அருகே சாட்சித் தகடுகள் வைக்கப்பட்டு, எந்தெந்தப் பொருள் படிந்திருக்கலாம் என்று பதிவு செய்யப்பட்டது. மாதிரி நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளுக்குள்ளேயே கையாளப்படுகிறது. மருத்துவமனையின் தொற்றுத்தடுப்புப் பிரிவினருக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகத் தெரியாது.

2025 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அங்கே இருந்தன; டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் ஐந்து காரங்களும் இருந்தன. இவை பூமியிலிருந்து ஒட்டியவை அல்ல என்று எப்படித் தெரியும்? பெரும்பாலான அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை என்ற இரண்டு வடிவங்களில் அமையலாம். பூமியின் உயிர்கள் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. பென்னு மாதிரியில் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. மனிதக் கையின் மாசாக இருந்திருந்தால் இடக்கை வடிவமே மிகுந்திருக்கும்.

இத்தகைய ஆய்வுகளின் மூலத் தரவைப் பொதுமக்களும் பார்க்க முடியுமா?

வானியலில் பெரும்பாலும் முடியும். பெரிய விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவு, கோரிப் பெற்ற குழுவுக்கு ஒதுக்கப்பட்ட குறுகிய காலம் முடிந்ததும் பொதுக் காப்பகத்துக்கு வந்துவிடும். புரத அமைப்புகளுக்கு 1971இல் ஏழே அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி உண்டு. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். நோயாளர் தரவில் நிலைமை வேறு: பெயரை நீக்கினாலும், அரிய நோய், வயது, சேர்க்கப்பட்ட நாள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஆளை இனங்கண்டுவிடலாம் என்பதால் அது கட்டுப்பாட்டுடனேயே பகிரப்படுகிறது. அதற்கு ஈடாக, மருத்துவ ஆய்வு தொடங்கும் முன்பே அதன் நோக்கமும் அளக்கப்போகும் விளைவும் பொதுப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் நிபந்தனை விதிக்கின்றன. வெளியான கட்டுரையில் முதன்மை விளைவாகச் சொல்லப்பட்டது பதிவேட்டில் இருப்பதுதானா என்பதை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.